டேவிட் வெட்டர்: 12 வருஷம் பிளாஸ்டிக் கூண்டுக்குள் வாழ்ந்த சிறுவன்... அவன் ரத்தம் சொல்லித்தந்த பாடம்!

1971-ம் ஆண்டு, செப்டம்பர் 21. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஹூஸ்டன் நகரம். சிசேரியனில் பிறந்த அந்த ஆண் குழந்தையை யாரும் அம்மா கையில் கொடுக்கவில்லை. வெளியே எடுத்த சில நொடிகளிலேயே, கிருமிகள் நீக்கப்பட்ட ஒரு பிளாஸ்டிக் கூண்டுக்குள் வைத்து மூடிவிட்டார்கள். ஞானஸ்நானம்கூட கூண்டுக்குள்தான் நடந்தது. அதற்கான புனித நீரையும் கிருமி நீக்கித்தான் உள்ளே அனுப்பினார்கள்.

குழந்தையின் பெயர் டேவிட் ஃபிலிப் வெட்டர். உலகம் அவனுக்கு வைத்த பெயர் 'பபிள் பாய்'. அந்தக் கூண்டைவிட்டு அவன் வெளியே வந்தது 12 வயதில். வந்து 15 நாளில் இறந்துபோனான்.

'இம்யூனிட்டி பூஸ்டர்' என்று லேபிள் ஒட்டினால் எதையும் விற்றுவிடலாம் என்கிற காலத்தில் இருக்கிறோம். உண்மையில் நோய் எதிர்ப்பு சக்தி என்றால் என்ன, அது எங்கே உருவாகிறது, ஒரு தடவை இல்லாமல் போனால் திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு கஷ்டம்? இதையெல்லாம் டேவிட்டின் வாழ்க்கை அளவுக்குத் தெளிவாகச் சொல்லும் இன்னொரு கதை கிடைப்பது கஷ்டம்.

முதலில் இறந்த அண்ணன்

டேவிட்டின் அம்மா கரோல் ஆன், அப்பா டேவிட் ஜோசப் வெட்டர். அவர்களுக்கு முதலில் பிறந்தவள் கேத்தரின். ஆரோக்கியமான பெண் குழந்தை. அடுத்துப் பிறந்த ஆண் குழந்தை ஏழு மாதத்தில் இறந்துபோனது. காரணம், 'ஸ்கிட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பரம்பரை நோய். இந்த நோயோடு பிறக்கும் குழந்தைக்கு நோய் எதிர்ப்பு மண்டலம் வேலையே செய்யாது. நமக்கு நாலு நாள் சளியோடு போய்விடுகிற கிருமி, அந்தக் குழந்தையின் உயிரை எடுத்துவிடும்.

இந்தக் குடும்பத்தில் இருந்தது அம்மாவின் எக்ஸ் குரோமோசோம் வழியாக வரும் வகை. அதனால் அடுத்துப் பிறப்பது ஆண் குழந்தை என்றால், அதற்கும் நோய் வர 50 சதவிகித வாய்ப்பு உண்டு என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கூடவே ஒரு நம்பிக்கையும் கொடுத்தார்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை.

மஜ்ஜை என்பது எலும்புக்குள் இருக்கும் ரத்தத் தொழிற்சாலை. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாவற்றுக்கும் தாய் செல்கள் அங்கேதான் இருக்கின்றன. நோயாளியின் மஜ்ஜையில் கோளாறு என்றால், ஆரோக்கியமான ஒருவரின் மஜ்ஜையை எடுத்து, ரத்தம் ஏற்றுவதுபோல நரம்பு வழியாகவே ஏற்றுவார்கள். அந்தத் தாய் செல்கள் தாங்களாகவே எலும்புக்குள் போய்க் குடியேறி, புது ரத்தத்தை உருவாக்கத் தொடங்கும். 1968-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், ஸ்கிட் நோயோடு பிறந்த ஒரு குழந்தைக்கு உடன்பிறந்த சகோதரியின் மஜ்ஜையைக் கொடுத்துக் காப்பாற்றியிருந்தார்கள். அதனால் டேவிட்டுக்கும் அக்கா கேத்தரினின் மஜ்ஜை பொருந்தும், அதுவரை கொஞ்ச நாள் கூண்டில் பாதுகாத்தால் போதும் என்று கணக்குப் போட்டார்கள்.

கணக்கு தப்பிவிட்டது. டேவிட்டுக்கும் நோய் இருந்தது. அக்காவின் மஜ்ஜை பொருந்தவில்லை. கொஞ்ச நாளைக்கு என்று நினைத்த கூண்டு, அவனுக்கு வீடாகிப்போனது.

சாப்பாட்டுக்கும் கிருமி நீக்கம்

கூண்டுக்குள் போகும் காற்று, தண்ணீர், சாப்பாடு, துணி, டயபர் என எதுவும் கிருமி நீக்காமல் உள்ளே போக முடியாது. உள்ளே அனுப்பவேண்டிய பொருட்களை ஒரு பெட்டிக்குள் வைத்து, 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், எத்திலீன் ஆக்சைடு வாயுவில் நான்கு மணி நேரம் வைப்பார்கள். அந்த வாயு முழுக்க வெளியேற ஒரு நாளிலிருந்து ஏழு நாள் வரை காற்றோட்டத்தில் விடுவார்கள். அதன்பிறகுதான் அது டேவிட் கைக்குப் போகும்.

யோசிச்சுப் பாருங்க. பிள்ளைக்கு ஒரு பொம்மை வாங்கிவந்தால், அதை உடனே கையில் கொடுக்க முடியாது. பசிக்கிறது என்று அழுதால், சட்டென ஒரு வாய் ஊட்டிவிட முடியாது. குழந்தையைத் தூக்குவது, டயபர் மாற்றுவது என எல்லாமே கூண்டின் சுவரில் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் கையுறைகளுக்குள் கையைவிட்டுத்தான். கூண்டு சுருங்காமல் இருக்க இயந்திரம் காற்றை அடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் பேசினால் கேட்பதுகூட கஷ்டம்.

அந்த மூடிய உலகத்திலும் டேவிட் வளர்ந்தான். படித்தான், டி.வி பார்த்தான், அக்காவோடு விளையாடினான். மூன்று வயதுவாக்கில் கான்ரோ நகரில் இருந்த பெற்றோர் வீட்டிலேயே இன்னொரு கூண்டு அமைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோக தனியாக ஒரு பயணக் கூண்டும் செய்தார்கள். அதன்பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் வீட்டில் இருந்துவிட்டு வர முடிந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். டேவிட்டுக்குச் சுத்தமான சாப்பாடு கிடைத்தது. பக்கத்திலேயே மருத்துவர்கள் இருந்தார்கள். அவன் உயரமும் கூடியது. ஆனால், நோய் எதிர்ப்பு சக்தி மட்டும் வரவே இல்லை. காரணம், அது சாப்பாட்டில் இருந்து நேரடியாக வருவது கிடையாது. மஜ்ஜையில் பிறந்த செல்கள் சரியாகப் பயிற்சி பெற்று வளர்ந்தால்தான் எதிர்ப்பு சக்தி. சத்தான உணவு அந்தத் தொழிற்சாலைக்குத் தேவையான மூலப்பொருள். தொழிற்சாலையே ஓடவில்லை என்றால், மூலப்பொருளைக் குவித்து என்ன பயன்?

நாசா தைத்த உடை

நான்கு வயதில் ஒருநாள், கூண்டுக்குள் தவறுதலாக விடப்பட்ட ஒரு ஊசியை வைத்து டேவிட் பிளாஸ்டிக்கில் ஓட்டை போட்டுவிட்டான். அப்போதுதான் அவனுக்குக் கிருமி என்றால் என்ன, இந்தச் சுவர் எதற்கு என்றெல்லாம் புரியவைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பது ஆபத்து என்று ஒரு நாலு வயசுப் பையன் தெரிந்துகொண்டான்.

1977-ல் நாசா பொறியாளர்கள் அவனுக்காகவே ஒரு விண்வெளி உடையைத் தயாரித்தார்கள். செலவு சுமார் 50,000 டாலர். நீளமான ஒரு குழாய் வழியாகக் கூண்டிலிருந்து உடைக்குள் நுழைந்து, அதோடே வெளியே நடக்கலாம். அந்த உடையோடு வந்தபோதுதான் கரோல் ஆன் தன் மகனை முதன்முறையாகக் கையில் தூக்கினார். அப்போது அவனுக்கு வயது ஐந்து. அந்த உடையை அவன் போட்டுக்கொண்ட தடவைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வளர்ந்ததும் அது சின்னதாகிவிட்டது. அடுத்து வந்த பெரிய உடையை அவன் போடவே இல்லை.

வெளியுலகத்துக்கு அவன் ஓர் அதிசயம். கூண்டுச் சிறுவர்களின் கதையை வைத்து 1976-ல் ஜான் டிராவோல்டா நடிப்பில் ஒரு தொலைக்காட்சிப் படமே வந்தது. கூண்டுக்குள் இருந்தவனுக்கு வாழ்க்கை அப்படி இல்லை. வயது ஏற ஏற, ஜன்னல் வழியாகவும் டி.வி-யிலும் மட்டுமே பார்க்கிற உலகம் தனக்குக் கிடைக்காது என்பது புரிந்தது. கோபம் வந்தது, மனச்சோர்வு வந்தது. குணப்படுத்த வழி தெரியாமல் ஒரு குழந்தையை இப்படி அடைத்துவைப்பது நியாயமா என்று மருத்துவமனைக்குள்ளேயே கேள்வி எழுந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை ஒற்றை வரியில் பதில் இல்லை. கூண்டு இல்லாவிட்டால் அவனும் அண்ணன் மாதிரியே சில மாதங்களில் போயிருப்பான் என்பதும் உண்மைதானே?

அக்கா கொடுத்த மஜ்ஜை

1980-களின் தொடக்கத்தில் ஒரு புது வழி திறந்தது. பொருந்தாத மஜ்ஜையைக் கொடுத்தால் ஏன் ஆபத்து? கொடுத்தவரின் 'டி செல்'கள், புது உடலை எதிரியாக நினைத்துத் தாக்கும். தோல், குடல், ஈரல் எல்லாம் பாதிக்கப்படும். பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், மஜ்ஜையை ஏற்றுவதற்கு முன்பே அதிலிருந்து டி செல்களை நீக்கிவிடும் முறையை உருவாக்கினார்கள். அப்படி நீக்கிவிட்டால், முழுசாகப் பொருந்தாத மஜ்ஜையையும் பயன்படுத்த வாய்ப்பு உண்டு.

1983, அக்டோபர் 21. டேவிட்டுக்கு 12 வயது, கேத்தரினுக்கு 15. அக்காவின் மஜ்ஜை, கூண்டுக்குள் இருந்த தம்பியின் நரம்பில் ஏறியது. எந்தத் தாக்குதலும் நடக்கவில்லை. எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. இனி செய்யவேண்டியது காத்திருப்பது மட்டும்தான்.

அந்தக் காத்திருப்புதான் மஜ்ஜை மாற்று சிகிச்சையிலேயே ஆபத்தான காலம். மஜ்ஜை ஏற்றிய அன்றைக்கே எதிர்ப்பு சக்தி வந்துவிடாது. முதல் கட்டக் காவலர்களான வெள்ளையணுக்கள் தலைகாட்டவே இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகும். டி செல்கள் முழுதாக வளர்ந்து வேலைக்கு வர பல மாதங்கள், சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன்கூட குறைந்துவிடுவதால், அவற்றைத் திரும்ப முதலிலிருந்து போடுவார்கள். உடலுக்கு அது ஒரு மறுபிறவி மாதிரி.

டேவிட்டுக்கு மறுபிறவி கிடைக்கவில்லை. சில வாரங்கள் நன்றாகப் போனது. பிறகு, வாழ்நாளில் முதல்முறையாக அவன் நோயில் விழுந்தான். காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, குடலில் ரத்தக்கசிவு. கூண்டுக்குள் வைத்து சிகிச்சை கொடுக்க முடியாத நிலை. 1984, பிப்ரவரி 7-ம் தேதி அவனை வெளியே கொண்டுவந்தார்கள். கடைசி நாள்களில்தான் கரோல் ஆன், கையுறை இல்லாமல் தன் மகனின் தோலைத் தொட்டார். பிப்ரவரி 22-ம் தேதி டேவிட் இறந்தான்.

காவலர்களே இல்லாத வீடு

என்ன நடந்தது என்பது பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. அக்காவின் மஜ்ஜையில் எப்ஸ்டீன் பார் என்ற வைரஸ் தூங்கிக்கொண்டிருந்தது. பெரியவர்களில் பெரும்பாலானவர்கள் உடலில் இருக்கிற சாதாரண வைரஸ்தான் இது. கேத்தரினுக்கு அது எந்தத் தொந்தரவும் கொடுக்கவில்லை. அன்றைய பரிசோதனைகளிலும் சிக்கவில்லை. நம் உடலில் இந்த வைரஸை அடக்கிவைத்திருப்பது டி செல்கள்தான். டேவிட் உடலில் அவை பிறவியிலேயே இல்லை. ஏற்றிய மஜ்ஜையிலும் பாதுகாப்புக்காக நீக்கியிருந்தார்கள். புது டி செல்கள் வளர்வதற்கும் அவகாசம் போதவில்லை. காவலர்களே இல்லாத அந்த உடலில் வைரஸ், 'பி செல்'களைக் கட்டுப்பாடில்லாமல் பெருகவைத்தது. உடல் முழுக்க புற்றுநோய்க் கட்டிகள்.

ஒரு வைரஸ் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்க முடியும் என்பதற்கு டேவிட்டின் உடல் வலுவான சாட்சியானது. இன்றைக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பிறகு, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளின் ரத்தத்தில் இந்த வைரஸின் அளவைத் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். அளவு ஏறினால், கட்டியாக மாறும் முன்பே மருந்து கொடுக்கிறார்கள். அந்த எச்சரிக்கை உணர்வுக்குப் பின்னால் டேவிட்டும் இருக்கிறான்.

அப்படியென்றால் சாப்பாட்டுக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. ரத்தப் புற்றுநோய் போன்ற நோய்களுக்கு மஜ்ஜை மாற்றும்போது, முதலில் கடுமையான கீமோதெரபி கொடுத்துப் பழைய மஜ்ஜையை அழிப்பார்கள். அந்த மருந்தில் வாய் முதல் குடல் வரை புண்ணாகிவிடும். எச்சில் விழுங்கினாலே வலிக்கும். நாக்கில் ருசி மாறிப்போகும். புது செல்களை உருவாக்க உடலுக்குக் கலோரியும் புரதமும் அதிகம் தேவைப்படுகிற அதே நேரத்தில், ஒரு வாய் சாப்பாடுகூட இறங்காது. இந்த நேரத்தில் எடையும் தசையும் கரைந்தால் மீண்டுவருவது தாமதமாகும்.

அதனால்தான் மாற்று சிகிச்சைக் குழுவில் உணவியல் நிபுணரும் இருப்பார். முதலில் வாய் வழியாக, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. முடியாவிட்டால் மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாய். குடலும் ஒத்துழைக்காவிட்டால்தான் நரம்பு வழி ஊட்டச்சத்து. முழு உணவையும் நரம்பு வழியாகவே கொடுத்து ஓர் உயிரை வளர்க்க முடியும் என்பதே 1960-களின் பிற்பகுதியில் ஃபிலடெல்பியாவில்தான் நிரூபணமானது. ஆனாலும் முடிந்தவரை குடலைப் பயன்படுத்தவே மருத்துவர்கள் விரும்புகிறார்கள். உணவு இறங்கினால்தான் குடல் சுவர் பலமாக இருக்கும். அந்தச் சுவர் பலவீனமானால், குடலில் இருக்கிற கிருமிகள் ரத்தத்துக்குள் நுழைந்துவிடும்.

டேவிட் காலத்துச் சிந்தனையின் இன்னொரு மிச்சமும் நீண்ட நாள் இருந்தது. வெள்ளையணு குறைந்த நோயாளிக்குப் பச்சைக் காய்கறி, பழம் எதுவுமே கூடாது என்கிற கறார் பத்தியம். கிட்டத்தட்ட தட்டுக்கு ஒரு கூண்டு. அந்தப் பத்தியம் நோய்த்தொற்றைக் குறைக்கிறதா என்று ஆய்வு செய்தபோது, பெரிய பலன் தெரியவில்லை. இத்தாலியில் 200-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், சுத்தமாகக் கழுவிய பழம், காய்கறி சாப்பிட்டவர்களுக்குத் தொற்று அதிகமாகவில்லை. அதனால் பல மருத்துவமனைகள் இப்போது தடையைத் தளர்த்தி, சுத்தத்தை வலியுறுத்துகின்றன. நன்றாகக் கழுவணும், முழுசாக வேகவைக்கணும், சமைத்ததும் சாப்பிடணும், வெட்டிவைத்து விற்கிற பழத்தைத் தவிர்க்கணும். ஆனால், யாருக்கு எது எப்போது என்பதை முடிவு செய்யவேண்டியது அந்த நோயாளியின் மருத்துவர்தான். நம்ம வீட்டு வாட்ஸ்அப் குரூப் இல்லை!

டேவிட் விட்டுப்போனது

டேவிட்டின் ரத்த மாதிரிகளை ஆராய்ச்சியாளர்கள் பத்திரப்படுத்தியிருந்தார்கள். இந்த வகை ஸ்கிட் நோய்க்குக் காரணமான மரபணு 1993-ல் கண்டறியப்பட்டது. அந்தத் தேடலுக்கு அவன் ரத்தமும் உதவியது. நோய் எதிர்ப்பு செல்கள் வளர்வதற்கான சிக்னலை வாங்கும் ஆன்டெனா மாதிரியான ஒரு புரதத்தில்தான் கோளாறு.

2008-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம், பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஸ்கிட் இருக்கிறதா என்று பரிசோதிக்கத் தொடங்கியது. குதிகாலில் எடுக்கும் சில சொட்டு ரத்தம் போதும். 2018-க்குள் 50 மாநிலங்களுக்கும் இது வந்துவிட்டது. முன்கூட்டியே தெரிந்தால் என்ன லாபம்? பிறந்த மூன்றரை மாதத்துக்குள், தொற்று எதுவும் வரும் முன்பே மஜ்ஜை மாற்றப்பட்ட குழந்தைகளில் 90 சதவிகிதத்துக்கும் மேல் பிழைக்கிறார்கள். இப்போது யாரும் 12 வருஷம் கூண்டில் இருக்கவேண்டியதில்லை.

இந்தியாவில் இந்தப் பரிசோதனை எல்லாக் குழந்தைகளுக்கும் செய்யப்படுவதில்லை. அதனால் இளம் பெற்றோர் ஒன்றை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அம்மா வழிக் குடும்பத்தில் ஆண் குழந்தைகள் காரணம் தெரியாமல் கைக்குழந்தையாகவே இறந்திருந்தால், அதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இங்கே பிறந்ததும் போடுகிற பி.சி.ஜி-யும், போலியோ சொட்டு மருந்தும் உயிருள்ள கிருமிகளைப் பலவீனப்படுத்தித் தயாரிக்கப்படுபவை. மற்ற குழந்தைகளுக்கு அவை பாதுகாப்பு. கண்டிப்பாகப் போடவேண்டியவை. ஸ்கிட் குழந்தைக்கு மட்டும் அவையே ஆபத்தாகலாம். அதேபோல, கைக்குழந்தைக்குத் திரும்பத் திரும்ப நிமோனியா, ஆறாத வாய்ப்பூஞ்சை, நிற்காத வயிற்றுப்போக்கு, ஏறவே ஏறாத எடை என்று இருந்தால், 'பால் பத்தல, சத்து பத்தல' என்று டானிக் மாற்றிக்கொண்டே இருக்காமல், எதிர்ப்பு சக்தியைப் பரிசோதிக்கலாமா என்று குழந்தைகள் நல மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஹூஸ்டனில் இப்போது, நோய் எதிர்ப்பு சக்திக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான சிகிச்சை மையம் ஒன்று டேவிட்டின் பெயரில் இயங்குகிறது. அங்கே வரும் குழந்தைகளை அவர்களின் அம்மாக்கள் இடுப்பில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.